என்ன மாடல் வாங்கிவரச் சொல்லட்டும், காக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தவனை ரேடியோ நிலையத்துக்கே கூப்பிட்டு, வீடியோ கேமைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் இந்த மைக்கின் வயரைத்தான் பார்த்தது. பழக்கதோஷம், மன்னிக்க வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் கடை வைத்து முப்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், ஊருக்கே நான் காக்கா. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சபரில், அதாவது வெளிநாட்டில், இருப்பார். சிங்கப்பூர், மலேசியா, துபாய். சென்னைக் கடைகளில் கண்ணில் படாத சாமான்கூட எங்கள் ஊருக்குப் பெட்டியில் வந்து இறங்கிவிடும். வந்து இறங்குவது சுலபம். பழுதானால்தான் சங்கடம். உதிரிப் பாகம் கிடைக்காது, வாரண்டி கடல் தாண்டி வராது. கடைசியில் அது என் மேசைக்கு வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அதே நேரத்தில் பள்ளிக்கூடமும் லீவு. வீட்டில் பரணில் கிடந்த கேம் பெட்டி எல்லாம் கீழே இறங்கும். அந்த இரண்டு மாதம்தான் எனக்குச் சீசன். அப்படி ஒரு தடைக்காலத்தில் ஒரு தங்கச்சி கையில் போனோடு வந்து நின்றது. போனில் அதன் மாப்பிள்ளை, துபாயில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு பேசுகிறார். பிளஸ் ஒன் படிக்கிற மகனுக்குக் கையில் வைத்து விளையாடும் கேம் வேண்டுமாம்.

"காக்கா, பழைய மாடல் வெல கம்மியாம். புதுசும் பேரு அதேதான், பாக்கவும் அதே மாதிரிதான் இருக்காம். என்ன மாடல் வாங்கிவரச் சொல்லட்டும்?"

"மாப்பிள்ளையை மெதுவாக டீ குடிக்கச் சொல்லு, ராத்திரி சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி சொன்ன பதிலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், புது மாடல் என்றால் உண்மையில் என்ன புதுசு என்று பார்க்க வேண்டும்.

1989இல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி கேம் பாய் என்று ஒன்றை வெளியிட்டது. சாம்பல் நிறம், செங்கல் மாதிரி கனம், நான்கு பென்சில் பேட்டரிக் கட்டை. திரையில் கலர் கிடையாது, ஒரே சாயலின் நான்கு அழுத்தம் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. அதே வருடம் அடாரி கம்பெனி லிங்ஸ் என்று கலர் திரையோடு, விளக்கோடு ஒன்று கொண்டுவந்தது. அடுத்த வருடம் சேகாவின் கேம் கியர், அதுவும் கலர்தான். பார்த்தால் கேம் பாய் அன்றைக்கே படுத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. கேம் பாயும் அதன் பிந்தைய கலர் மாடலும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடியோடு நின்றுவிட்டது.

காரணம் பேட்டரி. கேம் பாய் நான்கு கட்டையில் பதினைந்து மணி நேரம் ஓடும். மற்ற இரண்டும் ஆறு கட்டையைப் போட்டாலும் நான்கைந்து மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். ஒரு பிள்ளை வாப்பாவிடம் வாரத்துக்கு எத்தனை முறை கட்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்க முடியும்?

கேம் பாய்க்குப் பின்னால் இருந்தவர் குன்பே யோகோய் என்ற பொறியாளர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிதாக வந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. எல்லோரும் பழகி, விலை விழுந்து, வாடிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து அதில் புது வேலை செய் என்பார். வாடிப்போனது என்ற சொல்லையே அவர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் கருவாடு ஞாபகம் வந்தது. பச்சை மீன் அன்றைக்கு விற்றால்தான் காசு, மறுநாள் நாறும். கருவாட்டுக்கு அந்த அவசரம் இல்லை. யோகோய் கருவாட்டு வியாபாரி. அதில் நான் அவர் கட்சி.

சரி, அந்த விளக்கில்லாத திரை இருக்கிறதே, அதைக் குறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வெயிலில் வந்து பார்த்தால் தெரியும். அது வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் காட்டும் திரை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் படகுத்துறையில் உட்கார்ந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும். இருட்டினால்தான் ஒன்றும் தெரியாது. இன்றைய திரைகள் நேர் எதிர். படுக்கையில் போர்வைக்குள் பளபளக்கும், படகுத்துறைக்குக் கொண்டுபோனால் நம் முகம்தான் தெரியும்.

அப்புறம் வந்த மாடல்களின் கதை பெரும்பாலும் இந்த விளக்கின் கதைதான். 1996இல் கேம் பாய் பாக்கெட், சின்னக் கட்டை இரண்டே இரண்டு. 1998இல் கலர். 2001இல் கேம் பாய் அட்வான்ஸ், உள்ளே 32 பிட் மூளை, பழையது 8 பிட். இவ்வளவு முன்னேறியும் திரைக்கு விளக்கு இல்லை! பிள்ளைகள் ஜன்னலோரம் போய், தலையைச் சாய்த்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தேடித்தேடி விளையாடினார்கள். 2003இல்தான் அட்வான்ஸ் எஸ்பி வந்தது. மூடித் திறக்கும் டப்பா மாதிரி, சார்ஜ் ஏற்றும் பேட்டரி, திரைக்கு முன்பக்கத்து விளக்கு. மடக்கினால் திரையில் கீறல் விழாது, மணல் படாது. ஆனால் வழக்கமான இயர்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு இணைப்பு வாங்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

2005இல் அதே எஸ்பியில் விளக்கைத் திரைக்குப் பின்னால் மாற்றி ஒன்று விட்டார்கள். பெயர் அதே, உருவம் அதே. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் 101 என்று முடியும், அவ்வளவுதான் அடையாளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று வெளுத்த சேலை, இன்னொன்று கடையில் விரித்த பட்டு. அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சோனியின் பிஎஸ்பி எங்கள் ஊருக்கு நிறைய வந்தது. முதல் மாடல் 2004, எடை 280 கிராம். 2007இல் வந்த இரண்டாவது 189 கிராம். கையில் வாங்கியவுடன் உள்ளே ஏதோ கழன்று விழுந்துவிட்டதோ என்று தோன்றும். எப்படி இளைத்தது? பேட்டரியை 1800 மில்லி ஆம்பியர் மணியிலிருந்து 1200க்குக் குறைத்துவிட்டார்கள். ஏமாற்று வேலையா என்றால், இல்லை. உள்ளே இருக்கும் சில்லுகள் மின்சாரத்தைக் குறைவாகத் தின்னும்படி செய்துவிட்டுத்தான் பேட்டரியைக் குறைத்தார்கள். கூடவே நினைவகத்தை 32 எம்பியிலிருந்து 64 ஆக்கி, கேம் இருக்கும் தட்டு சுற்றிச் சுற்றி ஏற்றும் நேரத்தையும் குறைத்தார்கள். 2008இல் மூன்றாவது மாடல், வெளியே வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னாத திரையோடும் உள்ளேயே ஒரு மைக்கோடும் வந்தது.

கையில் வைக்கும் பெட்டியில் வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் வேண்டும். மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரி பெரிதாக வேண்டும். பேட்டரி பெரிதானால் கை வலிக்கும். கடைக்காரர் எந்த எண்ணைச் சொன்னாலும், அந்த எண்ணுக்காக இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன். நின்டெண்டோ சுவிட்ச் 2017இல் வந்தபோது இரண்டரை மணியிலிருந்து ஆறரை மணி நேரம் ஓடும் என்றார்கள். 2019இல் சத்தமில்லாமல் உள்ளே சில்லை மாற்றி, நாலரையிலிருந்து ஒன்பது ஆக்கினார்கள். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. 2025 ஜூனில் சுவிட்ச் 2 வந்தது. திரை 7.9 அங்குலம், வேகம் பல மடங்கு, பேட்டரியும் முன்னைவிடப் பெரிது. ஓடும் நேரம்? இரண்டிலிருந்து ஆறரை மணி. சுற்றி வந்து 2017இல் நிற்கிறது. கூடவே, 2021இல் கொடுத்த, தானே ஒளிவிடும் ஓலெட் திரையை எடுத்துவிட்டு, பின்னால் விளக்கு வைக்கும் பழைய எல்சிடி வகைக்குப் போய்விட்டார்கள். மோசமான பெட்டி என்று சொல்லவில்லை. புதிது என்றால் எல்லாப் பக்கமும் கூடியிருக்கும் என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

இப்போது அந்தத் தங்கச்சியின் மாப்பிள்ளை துபாயில் கையில் வைத்திருந்த பெட்டிக்கு வருகிறேன். அது ஸ்டீம் டெக். வால்வ் என்ற கம்பெனி 2022இல் முதலில் விட்டது. கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டுகள் அதில் ஓடும். 2023 நவம்பரில் ஓலெட் திரையோடு இரண்டாவதை விட்டார்கள். வேகம் ஏறக்குறைய அதேதான். அதனால் நிறையப் பேர், இது என்ன முன்னேற்றம், பழைய வேகத்துக்கா புதுக் காசு என்று கேட்டார்கள். எனக்கோ இந்த முப்பது வருடத்தில் இவ்வளவு மனசுக்குப் பிடித்த புது மாடல் வேறு இல்லை.

திரை 7 அங்குலத்திலிருந்து 7.4 ஆனது, ஆனால் பெட்டி பெரிதாகவில்லை, ஓரத்துக் கறுப்புச் சட்டத்தைத்தான் குறைத்தார்கள். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்தேவிடும். பேட்டரி 40 வாட் மணியிலிருந்து 50. சில்லு இன்னும் நுணுக்கமாகச் செய்யப்பட்டதால் சூடும் குறைவு. இவ்வளவையும் வைத்துவிட்டு எடை 669 கிராமிலிருந்து 640க்கு இறங்கியது. பேட்டரி கூடி எடை குறைவது லேசில் நடக்கிற காரியமா? சார்ஜ் வயர் ஒன்றரை மீட்டராக இருந்தது, இரண்டரை ஆனது. சிரிக்காதீர்கள். பிளக் பாயின்ட் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் அந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும்.

அதைவிட முக்கியம், பிரிக்கிறவனையும் நினைத்திருக்கிறார்கள். முதல் மாடலில் பின்மூடி ஸ்குரூ பிளாஸ்டிக்கில் ஏறும். நாலு முறை கழற்றி மாட்டினால் புரி தேய்ந்து, ஸ்குரூ சும்மா சுற்றும். புதியதில் ஸ்குரூ உலோகத்துக்குள் ஏறுகிறது. ஸ்குரூ தலையும் நட்சத்திர வடிவம், வழுக்காது. திரையை மாற்றப் பின்மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத விஷயங்கள் இவை. ஒரு பெட்டி மூன்று வருடம் வாழ்வதும் எட்டு வருடம் வாழ்வதும் இவற்றில்தான் இருக்கிறது.

எங்கள் கரையில் இன்னும் கூடுதலாக. உப்புக்காற்று தின்னாத இரும்பு இந்தப் பக்கம் உண்டா? 1914இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தை வருடம் முழுக்கச் சுரண்டிப் பெயின்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் சார்ஜ் ஓட்டைக்குள் இருக்கும் ஊசி முனைக் கம்பிகளுக்கு? கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் என் மேசைக்கு வரும் பெட்டிகளில் பாதிக்குப் பழுதே கிடையாது, கான்டாக்டில் பச்சை பிடித்திருக்கும், அவ்வளவுதான். பழைய கேம் பாய்க்குள் விசிறி இல்லை, காற்றை உள்ளே இழுக்காது. இன்றைய வேகமான பெட்டிகளுக்குள் விசிறி உண்டு. சூட்டை வெளியே தள்ளும் அதே விசிறி, கடற்கரைக் காற்றை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும். அதனால் கடற்கரைக்குக் கொண்டுபோகாதே, மொட்டை மாடியில் வைக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

இன்னொன்று, சிலர் கேம் கார்டை வாயால் ஊதிச் சொருகுவார்கள். வேண்டாம். எச்சில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சை பிடிக்க நாலு நாள் போதும். பேட்டரிக் கட்டையை உள்ளேயே போட்டுவிட்டுச் சபருக்குப் போவதும் அப்படித்தான். நானே என் மகனுடைய பழைய பெட்டி ஒன்றை அப்படி அலமாரியில் மறந்து, மூன்று வருடம் கழித்துத் திறந்தேன். கட்டை வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் கரைந்து தூளாகிவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் வீட்டிலேயே அது நடந்தது. மகன் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

ராத்திரி அந்தத் தங்கச்சி திரும்பவும் வந்தது. மாப்பிள்ளை மறுபடியும் கடைக்குப் போய் நிற்கிறாராம். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உண்மையில் மேலே பவர் பட்டன் ஆரஞ்சு நிறமாக இருக்கிறதா என்று கேட்டாலே போதும், ஓலெட் மாடலுக்கு அதுதான் அடையாளம். எனக்கு ஸ்குரூவைப் பார்க்க ஆசை. போட்டோ வந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரம்.

"இதுதான். வாங்கச் சொல்லு" என்றேன்.

அது போகாமல் நின்றது. "காக்கா, இந்த நட்சத்திர ஸ்குரூவக் கழட்டுற டிரைவர் உங்ககிட்ட இருக்கா?"

மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். செல்போனுக்கு உள்ளது எல்லாம் இருந்தது, இந்த அளவு இல்லை. போனில் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவர் ஊருக்கு வந்தபோது மகனுக்கு ஒரு பெட்டியும், எனக்கு ஒரு டிரைவர் செட்டும் கொண்டுவந்தார். அதில் இன்னும் ஒன்றைக்கூட நான் உறை பிரிக்கவில்லை, அந்தப் பெட்டி இதுவரை கடைக்கு வரவில்லை.

வணக்கம்.