தலைக்கட்டு வரியும் ஆம்புலன்ஸ் வரியும்

(நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், மலையோரச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், நண்பர்களுக்கும், பொங்கல் வைத்த கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

என் கையில் இருக்கும் இந்தக் காகிதம் வீடு வாங்கிய எல்லாருக்கும் வந்திருக்கும். டவுனும் கவுண்டியும், நம் ஊர்ப் பஞ்சாயத்தும் மாவட்டமும் மாதிரி, சேர்ந்து அனுப்பும் சொத்து வரி பில். வருஷா வருஷம் பொங்கலை ஒட்டித்தான் வரும். ஜனவரி 31க்குள் கட்டிவிட்டால் அபராதம் கிடையாது. நம்மில் பலர் கீழே இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, மடித்து வைத்துவிடுகிறோம். இன்றைக்கு மேலேயிருந்து படிப்போம். கவுண்டிக்கு ஒரு தொகை. டவுனுக்கு ஒன்று. சாலைக்கு ஒன்று. தீயணைப்புக்குத் தனியாக ஒன்று. ஆம்புலன்ஸ் என்ற சொல் என் பில்லில் எங்கேயும் இல்லை. அடுத்த ஜனவரியில் அந்தச் சொல் அங்கே இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் துணை நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒன்பது வருஷமாக எங்கள் ஊர் ஆம்புலன்ஸில் தன்னார்வலராக இருக்கிறேன். பகலில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் இரண்டு ராத்திரி, மாதத்தில் ஒரு வார இறுதி, இடுப்பில் பேஜர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி இரண்டே கால். பேஜர் அலறியது. எழுபத்தொரு வயதுப் பெண், மூச்சுத் திணறல் என்றார்கள். கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், என் கூட்டாளி வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். அவர் நாற்பது வருஷம் மாடு வைத்துப் பால் கறந்த விவசாயி. அந்த அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே வயது.

மலைப்பாதையின் கடைசி வீடு. கதவைத் திறந்தவர் நம் தமிழ்ப் பையன். அவருடைய அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சமையலறைத் தரையில், ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "கேஸ் டிரபிள்னு சொல்றாங்க சார்" என்றார் மகன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யுதும்மா?" என்று தமிழில் கேட்டேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார்கள். "நெஞ்சு மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சாப்புல இருக்கு தம்பி" என்றார்கள்.

எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மென்று தின்ன ஆஸ்பிரின் கொடுத்தோம், ஆக்ஸிஜன் வைத்தோம். எங்களைவிடக் கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக் வண்டி வழியிலேயே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த வண்டிக்கு எம் பிள்ளை எவ்வளவு கட்டணும்?" பிறகுதான் மகன் சொன்னார். வலி தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. விசிட்டர் இன்சூரன்ஸ் இதற்குக் கொடுக்குமா, பில் எத்தனை ஆயிரம் வரும் என்ற பயத்தில் 911-ஐ அழுத்தாமலே இருந்திருக்கிறார்கள்.

ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த அம்மா ஊருக்குத் திரும்பிப் போய் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நான் இதைச் சொல்ல வந்தது வேறொன்றுக்காக. அந்த ராத்திரி வண்டியில் ஏற இரண்டு பேர் இருந்தோம். இதே வலி செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்திருந்தால்? வண்டி இருந்திருக்கும், டீசல் இருந்திருக்கும், ஆள் இருந்திருக்க மாட்டார்கள். நான் நாற்பது மைலுக்கு அப்பால் ஆபீஸில் இருந்திருப்பேன். அடுத்த ஊர் வண்டியைக் கூப்பிடுவார்கள், அது வர இருபத்தைந்து நிமிடம். அதுவும் வேறு அழைப்பில் இருந்தால் அதற்கும் அடுத்த ஊர். இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்திக் கொடுக்கவும் ஷாக் கொடுக்கவும் ஆளில்லாவிட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். இருபத்தைந்து நிமிடத்துக்கு அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் 108 என்று அழைத்தால் அரசாங்கம் வண்டி அனுப்பும். இங்கேயும் 911-க்குப் பின்னால் அரசாங்கம்தான் இருக்கிறது என்று பத்து வருஷம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 911 அழைப்பை எடுப்பது அரசாங்கம்தான். ஆனால் வண்டி அனுப்பியே ஆக வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டம் எந்த டவுனையும் கட்டாயப்படுத்தவில்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தினால் உண்டு.

இந்த நாட்டில் இது தொடங்கியதே அப்படித்தான். 1909-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கினார்கள். கரையில் கூட்டம் நின்றது, காப்பாற்றத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன் ஜூலியன் வைஸ். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. வளர்ந்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, 1928-இல் கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தன்னார்வ மீட்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். ஊர் ஊராக அது பரவியது. அது இல்லாத ஊர்களில் என்ன நடந்தது தெரியுமா? சவ ஊர்தி வைத்திருந்தவர்களே அடிபட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. விபத்தில் அடிபட்டவர்கள் வழியிலேயே சாவதைப் பற்றி 1966-இல் தேசிய அறிவியல் கழகம் அறிக்கை வெளியிட்ட பிறகுதான் பயிற்சி, உபகரணம், விதிமுறை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. 1973-இல் மத்திய அரசு பணமும் கொடுக்கத் தொடங்கியது. 1981-இல் அந்தத் தனி நிதியை மற்ற சுகாதார நிதிகளோடு சேர்த்து மாநிலங்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். ஊர்ப் பாடு ஊரோடு என்றாகிவிட்டது.

அப்போது ஊரில் ஆள் இருந்தார்கள். மளிகைக் கடைக்காரர், மெக்கானிக், பண்ணைக்காரர் எல்லாரும் பகலில் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். சைரன் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். இப்போது எல்லாருக்கும் வேலை வெளியூரில். அப்புறம், ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கத் தேவைப்படும் இ.எம்.டி. சான்றிதழ் வாங்க 150 மணி நேரத்துக்கு மேல் வகுப்பில் உட்கார வேண்டும். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் எப்படி வருவார்கள்? என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் இன்னும் இருப்பது இரண்டு பேர். போன மூன்று பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, நோயாளியிடம் பில் போடுகிறீர்களே, அந்தப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி வயதானவர்களிடமிருந்து. அவர்களுக்கு மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு. மெடிகேரின் பார்வையில் ஆம்புலன்ஸ் என்பது ஆளைக் கொண்டுபோகும் வாகனம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அதுவும் மருத்துவத் தேவை இருந்தால், பணம். கொண்டுபோகாவிட்டால் இல்லை. ராத்திரி மூன்று மணிக்குக் குளியலறையில் விழுந்து கிடக்கும் எண்பத்தைந்து வயதுத் தாத்தாவிடம் போகிறோம். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்து, தூக்கி உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, கட்டிலில் படுக்க வைத்து, காலையில் மகளுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு வருகிறோம். ஒன்றரை மணி நேரம். அதற்கு வரவு பூஜ்யம். அந்தத் தாத்தாவுக்கு அன்றைக்கு எங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. தீயணைப்புத் துறைகள் நடத்தும் ஆம்புலன்ஸ்களுக்கோ 2022 வரை பில் போடவே இந்த மாநிலத்தில் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

மீதிக்கு என்ன செய்கிறோம்? கோடையில் ரோட்டோரம் கரி அடுப்பு மூட்டி சிக்கன் சுட்டு விற்கிறோம். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பான்கேக் போடுகிறோம். புகையில் நாலு மணி நேரம் நின்று, கோழி வாங்கிய செலவு போக மிஞ்சுவதை வைத்து ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்புகிறோம். உயிர் காக்கும் சாமானுக்கு இப்படிப் பணம் திரட்டுவது எனக்கு மனசே ஆறவில்லை. பனி தள்ளும் லாரிக்கு யாராவது சிக்கன் விற்கிறார்களா?

இப்போது கணக்குக்கு வருவோம். வேலை நாள் பகலில் மட்டும், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, சம்பளத்துக்கு இரண்டு பேரை நிலையத்தில் உட்கார வைக்கலாம். ராத்திரியையும் வார இறுதியையும் தன்னார்வலர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வருஷத்துக்கு 3,120 மணி நேரம், இரண்டு பேர், மணிக்கு 20 டாலர் என்று வைத்தால் 1,24,800 டாலர். அதோடு இன்சூரன்ஸ், டீசல், மருந்து, புது வண்டிக்குச் சேமிப்பு எல்லாம் சேர்த்து ஊர் 3 லட்சம் டாலர் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் வரிக்குரிய சொத்து மதிப்பு 40 கோடி டாலர் என்றால், ஆயிரம் டாலர் மதிப்புக்கு 75 சென்ட். 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷத்துக்கு 150 டாலர். மாதம் பன்னிரண்டரை. அந்த அம்மாவின் மகன் எந்த பில்லுக்குப் பயந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தாரோ, அதற்குப் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பாருங்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. டவுன் போர்டு, அதாவது டவுனை நடத்த ஊர் தேர்ந்தெடுத்த குழு, வருஷா வருஷம் எங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பொது நிதியிலிருந்து ஒரு தொகை கொடுக்கலாம். இல்லையென்றால் ஆம்புலன்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்று, ஆம்புலன்ஸுக்கென்றே ஒரு வரி வட்டாரத்தை அமைத்து, பில்லில் தனியாகவே அதற்கு வரி போடலாம். நான் கேட்பது இரண்டாவது. ஒப்பந்தம் என்றால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பட்ஜெட் நேரத்தில் போய்க் கையேந்தி நிற்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் பணம் அதற்கென்றே வசூலித்த பணம், அதை எடுத்து வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வரி வசூல் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல், பணவீக்கம் அதற்கும் குறைவாக இருந்தால் அதற்கு மேல், கூடக் கூடாது என்று மாநில வரம்பு இருக்கிறது. அதைத் தாண்ட போர்டில் 60 சதவீத ஓட்டு வேண்டும். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர். எண்ணிக்கையில் அது பெரிதில்லை. ஆனால் வரம்பை மீறியவர் என்று அடுத்த தேர்தலில் பெயர் வருமே என்று தயங்குகிறார்கள். ஊர் கேட்டது, அதனால் செய்தோம் என்று அவர்கள் சொல்ல வேண்டுமானால் ஊர் கேட்க வேண்டும்.

"நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதே இல்லை, நான் ஏன் கட்டணும்?" என்று ஒரு நண்பர் வாசலில் கேட்டார். நியாயமான கேள்வி. என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி எழுதுவார்கள். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. பம்பாயில் இருந்து கொடைக்கே வராத குடும்பமும் பணம் அனுப்பிவிடும். வரி கட்டாத வீட்டுக்குப் பிரசாதம் வராது என்பதைவிட, ஊரில் நமக்குத் தலைக்கட்டு இல்லை என்று ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் பெரிது. என் அப்பா கடன் வாங்கியாவது முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்வார். இங்கே வீடு வாங்கியிருக்கிறோம், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். இந்த ஊரில் நமக்கும் தலைக்கட்டு உண்டு. ஒரு வித்தியாசம், அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. இங்கே வீட்டு மதிப்புக்குத் தக்கபடி. பெரிய வீட்டுக்காரர் கூடக் கட்டுவார்.

அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வீட்டின் மதிப்பு ஏறிவிட்டது, கையில் ஓய்வூதியம் மட்டும் என்று இருக்கும் முதியவர்களுக்கு 150 டாலரும் பாரம்தான். 65 வயது தாண்டி வருமானம் குறைந்தவர்களுக்கு வரியைக் குறைக்க மாநிலச் சட்டம் டவுனுக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். நானும் வருகிறேன்.

கடைசியாக, இங்கே பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். எச்1பி, கிரீன் கார்டு. ஓட்டில்லாவிட்டாலும் வரி கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் அமைப்பதற்கு முன் டவுன் போர்டு பொது விசாரணை, அதாவது ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம், நடத்தியாக வேண்டும். அங்கே பேச ஓட்டுரிமை தேவையில்லை. பெயரைச் சொல்லுங்கள், எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்குள் இருக்கும் வயதானவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதும். அந்த மகன் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வாசலில் நிற்பது எங்கள் வண்டிதான். இன்றைக்கு நான் டூட்டியில் இருக்கிறேன், அதனால் கொண்டு வந்திருக்கிறேன். என் கூட்டாளி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரைப் பொங்கல் அவருக்கும் கொடுத்தாயிற்று. பிள்ளைகளை அழைத்து வாருங்கள், ஸ்ட்ரெச்சரில் ஏறிப் பார்க்கட்டும். பேஜர் அடித்தால் மட்டும் கொஞ்சம் வழி விடுங்கள்.