அடக்குவதும் விடுவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

இடுப்புத் தளத் தசைகளுக்கு, அதாவது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கு, பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர் நான். என்னிடம் வருகிறவர்கள் பலர் முதுகுவலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, கதவில் கை வைத்தபடி, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "இருமினா கொஞ்சம் சொட்டிடுது, அதுக்கு ஏதாவது இருக்கா?" கதவோரத்தில் வரும் அந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சுருக்குப் பையின் வாயில் ஓடும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் வாய் மூடும், தளர்த்தினால் திறக்கும். உணவும் கழிவும் போகும் பாதையில் அப்படி வளையம் வளையமாக அமைந்த தசைகள்தான் சுருக்குத் தசைகள். மருத்துவர்கள் ஸ்பிங்க்டர் என்பார்கள். கைத்தசை சும்மா இருக்கும்போது தளர்ந்திருக்கும், வேலை வந்தால் இறுகும். இவை நேர்மாறு. நாம் தூங்கும்போதும் இறுகியே இருக்கும், வழிவிட வேண்டிய நேரத்தில் மட்டும் தளரும்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது தளர்ந்து உணவை உள்ளே விடும், பிறகு மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து உதரவிதானமும் அதை அணைத்துப் பிடிக்கிறது. வயிற்றில் காற்று சேர்ந்தால் இதே தசை கொஞ்ச நேரம் தளரும், ஏப்பம் வரும். காற்றோடு அமிலமும் அடிக்கடி மேலே வந்தால்தான் எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல். இரவில் தொல்லை இருப்பவர்கள் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கலாம், இடது பக்கம் திரும்பிப் படுக்கலாம். இடது பக்கம் படுத்தால் அமிலம் இந்த வாசலுக்குக் கீழே தேங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். சிலருக்கு இந்தத் தசை தளரவே மறுக்கும். உணவும் தண்ணீரும் நெஞ்சிலேயே நின்றுவிடும். விழுங்கினால் அடைக்கிறது என்று யாராவது சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

இரைப்பையின் மறுமுனையில் உள்ள தசை, உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைபட்ட பிறகே சிறுகச் சிறுக வழிவிடும். பித்தநீர் குடலுக்குள் இறங்கும் இடத்திலும் ஒன்று உண்டு. 1887இல் ருஜெரோ ஒடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் அதை ஆராய்ந்து எழுதினார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

சரி, யாரும் வாய்விட்டுப் பேசாத இடத்துக்கு வருவோம். ஆசனவாயில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். உள்வளையம் தானாக இயங்கும், அதற்கு நாம் கட்டளை போட முடியாது. வெளிவளையம் நம் சொல் கேட்கும். மலக்குடலில் ஏதாவது வந்து சேர்ந்ததும் உள்வளையம் ஒரு கணம் தளர்கிறது. வந்தது மெல்லக் கீழே இறங்கி, தொடு உணர்வு மிகுந்த சவ்வின் மேல் படுகிறது. வந்திருப்பது வாயுவா, நீரா, கெட்டியா என்று அந்தச் சவ்வு கண்டுபிடித்துச் சொல்கிறது. அந்த நேரத்தில் வெளிவளையம் இறுகிக் காவல் நிற்கிறது. நாலு பேர் நடுவில் வாயுவை மட்டும் பிரித்துவிட முடிகிறதே, அது இந்தச் சோதனையால்தான். பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் வெளிவளையத்தை முழு வேகத்தில் இறுக்கினால் ஒரு நிமிடம்கூடத் தாங்குவது கஷ்டம். அதற்குள் மலக்குடல் கொஞ்சம் விரிந்து இடம் கொடுத்துவிடும், உந்துதல் அடங்கிவிடும். அப்பாடா என்று இருப்போம். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தினமும் இப்படித் தள்ளிப்போட்டால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், தோல் வெடிக்கும். வெடிப்பு வலிக்க வலிக்க உள்வளையம் இன்னும் இறுகும், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது. வெதுவெதுப்பான நீரில் உட்காரச் சொல்வது அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான். இன்னொன்று: மலக்குடலை ஒரு தசை கவண்வார் போல முன்னால் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் அந்த மடிப்பு நிமிரும். நாற்காலி போன்ற கழிப்பறையில் உட்காருகிறவர்கள் காலடியில் சிறு முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் போதும்.

சிறுநீர்ப்பையிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். 200 மில்லியை ஒட்டியே முதல் உணர்வு வந்துவிடும். பை சுருங்கும்போது வாசல் தளர வேண்டும், பை தளர்ந்திருக்கும்போது வாசல் இறுக வேண்டும். இந்த ஒத்துழைப்பை மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இது குலைந்து, மூடிய வாசலை எதிர்த்துப் பை சுருங்கலாம். அந்த அழுத்தம் சிறுநீரகம் வரை போகும்.

இருமும்போது வயிற்று அழுத்தம் சட்டென்று ஏறும். வாசல் அதற்குள் இறுகியாக வேண்டும். பிரசவத்தில் இடுப்புத் தளத் தசை தளர்ந்தவர்களுக்கும், புராஸ்டேட் அறுவை செய்த ஆண்களுக்கும் அந்த இறுக்கம் போதாமல் சொட்டு விடும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சிறுநீர் கெட்டிப்பட்டால் பை எரிச்சலடைந்து அவசரம் கூடத்தான் செய்யும்.

பயிற்சி உண்டு. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியதால் கெகல் பயிற்சி என்கிறோம். உட்கார்ந்த இடத்திலேயே இப்போது என்னோடு செய்து பாருங்கள். வாயுவை அடக்குவது போல ஆசனவாயை உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பின்பக்கம் எதுவும் அசையக்கூடாது. மூச்சைப் பிடிக்காதீர்கள். ஐந்து எண்ணுங்கள். இப்போது விடுங்கள், முழுசாக விடுங்கள், மறுபடி ஐந்து எண்ணுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். இரண்டு வாசலுக்கும் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தே நரம்பு வருவதால் இரண்டுக்கும் இது உதவும். சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம், பை முழுதாகக் காலியாகாமல் போகும். அப்புறம், சிலருக்குப் பிரச்சினையே தசை எப்போதும் இறுகியிருப்பதுதான். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் தேவை. செய்யச் செய்ய வலி கூடினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

திடீரென்று சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போய், அல்லது சிறுநீர் வராமலே நின்று, தொடையிடுக்கு மரத்து, கால் வலுவிழந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்கியிருக்கலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

மற்றவர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது சொட்டியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் மீதியைக் கேட்டுக்கொள்வது எங்கள் வேலை.

வணக்கம்.