31 மீனில் தொடங்கி 214 கோடி வரை

[காட்சி: பாம்பன் கரை, காலை நேரம். மணலில் விரித்த சாக்கு, அதன் மேல் சூடை மீன்.]

சாக்கில் கிடப்பது சரியாக 31 மீன். எண்ணித்தான் போட்டேன். இதைச் சமக் கூறாகப் பிரிக்க வேண்டும். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம். மும்மூன்றாக வைத்தாலும் ஒன்று மிச்சம். ஐந்தைந்து? அதே ஒன்று. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. ஆறு ஆறு 36, அது 31-ஐத் தாண்டிவிட்டது. ஆக, 31 பகா எண்.

பக்கத்தில் கூறு வைத்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "அந்த ஒண்ணைக் குழம்புக்கு எடுத்துக்கங்க தம்பி, எல்லாக் கூறும் சரியா வந்துரும்."

அந்த ஒன்றை மறக்காதீர்கள். கடைசி வரை வரும்.

[திரையில்: 2 × 2 × 2 × 2 × 2 − 1 = 31]

ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 1644-இல் இவற்றுக்குப் பட்டியல் போட்ட பிரெஞ்சுத் துறவியின் பெயர் அது. பட்டியலில் தவறுகளும் இருந்தன, அது வேறு கதை. எத்தனை இரண்டுகள் என்பது பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 இரண்டுகளைப் போட்டுப் பாருங்கள்: 2047. அது 23 × 89, உடைந்துவிட்டது.

சரி, 31 இரண்டுகளைப் போட்டால்?

[திரையில்: 2147483647]

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது உடையுமா என்று பார்க்க 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவை ஏறத்தாழ 4,800. கையால் போட்டால் விடிந்துவிடும், அதுவும் பல தடவை.

1772-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இதை முடித்துவிட்டார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அவர் பிடித்த வழி இது: இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 62 கொண்ட கூறுகளாகப் பிரிக்கும்போது ஒன்று மட்டும்தான் மிஞ்ச வேண்டும். பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதரின் சிறு தேற்றத்தின்படி அந்த மிச்சத்தை எடுத்துவிட்டால் 31-ஆல் வகுபடும், அது இரட்டைப்படையும்கூட. 31 × 2, அதனால் 62. முன்பு உடைந்த 2047-இலும் இதே கதைதான்: 23 என்பது 22-உம் ஒன்றும், 89 என்பது 88-உம் ஒன்றும். அந்த அக்கா சொன்ன அதே ஒன்று!

அந்தப் பகா எண்ணை எட்டால் வகுத்தால் மிச்சம் 1 அல்லது 7 தான் வரும் என்று இன்னொரு விதியும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 373 எண்கள்தான் நிற்கும். அவற்றிலும் பகா எண்கள் 84 மட்டுமே. 84 வகுத்தல், ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. 2147483647 பகா எண்தான்.

[காட்சி: பாம்பன் ரயில் பாலம், தூரத்தில்.]

இந்த எண் இன்று பழைய கணினிகளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் நிற்கும் 32 இடங்களில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதும் முழு எண்ணுக்கு இதுவே உச்சம். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அப்படி எண்ணும் கருவிகளுக்கு, 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07-இல் இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடியில் அவை 1901-ஆம் ஆண்டு என்று காட்டும். இதோ தெரிகிறதே, இந்த இடத்தில் அப்போது ரயில் பாலமே இல்லை. முதல் பாலம் திறந்ததே 1914-இல்தான்.