ஒரே தலைப்பு, ஒரே நாள், பலரின் எழுத்து: 2009-இல் தொடங்கிய ஒரு நிகழ்வு 15 ஆண்டுகளைக் கடந்து நடப்பது எப்படி?

வணக்கம். தரவுத்தளத்தில் தேதியையும் நேரத்தையும் கையாள்வது எப்படி என்ற தலைப்பில் எழுத யார் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 2009 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமையன்று, ஆடம் மெக்கானிக் என்ற, எஸ்க்யூஎல் சர்வர் எனும் தரவுத்தள மென்பொருளின் வல்லுநர் இதே தலைப்பைக் கொடுத்துத் தம் துறையினரை அவரவர் வலைப்பதிவில் எழுத அழைத்தார், எழுதினார்கள். 'டி-எஸ்க்யூஎல் டியூஸ்டே' என்ற அந்த நிகழ்வு 15 ஆண்டுகளைக் கடந்தும், பொறுப்பாளர் மாறிய பிறகும், மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று தொடர்கிறது. உங்கள் சிறிய வட்டத்திலும் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்பினால் இறுதிவரை பாருங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே போன்ற நிகழ்வுகள் அதற்கு முன்பும் இருந்தன: 2006-இல் இந்தியச் சமையல் எழுதுவோர் மாம்பழத்தை முதல் சமையல் பொருளாகக் கொண்டு 'ஜிஹ்வா' என்ற நிகழ்வைத் தொடங்கினார்கள், 2007 மார்ச்சில் பீர் பற்றி எழுதுவோர் 'தி செஷன்' என்ற மாதாந்திர நிகழ்வைத் தொடங்கினார்கள்.

நடைமுறை எளியது. ஒவ்வொரு மாதமும் ஒருவர் விருந்தோம்புநராகப் பொறுப்பேற்றுத் தலைப்பை முன்கூட்டியே அறிவிப்பார். மற்றவர்கள் தத்தம் தளத்தில், குறித்த நாளில், அழைப்புக்கு இணைப்புக் கொடுத்து எழுதுவார்கள். பிறகு அவர் அனைத்தையும் படித்து ஒரு தொகுப்புரை வெளியிடுவார். டி-எஸ்க்யூஎல் டியூஸ்டேயில் நாள் என்பது கிரீன்விச் நேரப்படி கணக்கிடப்படுவதால், இந்தியாவில் இருப்பவருக்கு அது செவ்வாய் காலை 5.30 மணிக்குத் தொடங்கிப் புதன் காலை 5.30 மணிக்கு முடிகிறது.

இனி நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு வருகிறேன். இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உருதுக் கவிஞர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 'தர்ஹி முஷாயிரா' என்ற கவியரங்குக்கு முன்னதாகவே ஒரே ஒரு கவிதை அடி கவிஞர்களுக்குக் கொடுக்கப்படும். அந்த அடியின் சந்தம், அதன் இயைபு, ஈற்றில் மீண்டும் மீண்டும் வரும் சொல் ஆகிய மூன்றுக்கும் கட்டுப்பட்டு ஒவ்வொருவரும் ஈரடிக் கண்ணிகளால் ஆன ஒரு கஜல் கவிதை எழுதி வர வேண்டும். கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரின் காலத்து தில்லியில், ஜௌக், காலிப் போன்ற பெருங்கவிஞர்கள் வாழ்ந்த அந்தச் சூழலில், இது ஒரு பெரும் கலையாக விளங்கியது. மெழுகுவர்த்தி யார் முன்னே வைக்கப்படுகிறதோ, அவர் பாட வேண்டும் என்பது முறை. கொடுக்கப்பட்ட அடியையே ஈரடிக் கண்ணியின் இரண்டாம் அடியாக வைத்து, அதற்கு முன்னால் தம் சொந்த அடியொன்றை இணைத்துப் புதுப் பொருள் காட்டுவது கவிஞரின் திறமைக்கு உரைகல். இரண்டாம் அடி அவையோருக்கு முன்பே தெரியும். இவர் எந்த வழியாக அங்கே வந்து சேரப்போகிறார் என்பதைக் கேட்கத்தான் அவர்கள் காத்திருப்பார்கள். பொதுத் தலைப்பின் இன்பம் முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தனியாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நாம் படித்துவிட்டுப் போய்விடுவோம். ஒரே தலைப்பில் பத்துப் பேர் எழுதும்போதோ, முதலாமவரைப் படித்த உடனே இரண்டாமவர் என்ன சொல்லியிருப்பார் என்று தேடிப்போகிறோம்.

ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். மாடித்தோட்டம் வளர்ப்போர் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாடித்தோட்டம்' என்றே தலைப்புக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று எவருக்கும் தெரியாது. 'கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி' என்றால் கத்தரி வளர்க்காதவர் ஒதுங்கிவிடுவார். 'இந்த ஆண்டு என் மாடியில் பட்டுப்போன ஒரு செடியும் அதற்கான காரணமும்' என்று கேட்டுப் பாருங்கள். நேற்று தொட்டி வாங்கியவரும் எழுதலாம், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் எழுதலாம், படிப்பவருக்கோ பயனுள்ள செய்திகள் ஓரிடத்தில் சேரும்.

தொகுப்புரையில் தயவுசெய்து சோம்பல் காட்டாதீர்கள். வெறும் இணைப்புகளை அடுக்கினால் போதாது. ஒவ்வொருவர் எழுதியதிலும் உங்களைக் கவர்ந்த ஒரு செய்தியை ஒரு வரியிலாவது குறிப்பிடுங்கள். முதன்முறையாக எழுதிய ஒருவர் அடுத்த மாதமும் வருவாரா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது.

அடுத்து, விருந்தோம்புநர்கள். 'தி செஷன்' 142 சுற்றுகள் நடந்து, பொறுப்பேற்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எழுத ஆள் இருந்தும் அழைக்க ஆள் இல்லாமல் ஒரு நிகழ்வு நின்றுவிடக்கூடும். எனவே முதல் அழைப்பை வெளியிடும் முன்பே, அடுத்த மூன்று மாதங்களுக்கான விருந்தோம்புநர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

உங்கள் வட்டம் எது, முதல் மாதத்துக்கு எந்தத் தலைப்பைக் கொடுப்பீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். தலைப்பு மிக அகலமாகவோ மிகக் குறுகலாகவோ இருந்தால், எப்படி மாற்றலாம் என்று நான் பதில் எழுதுகிறேன்.