கூரை வேறு, சுவர் வேறு

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடுகளில் ட்ரோன் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து நிலத்தையும் அளக்கிறோம் என்றதும் பலர் கேட்பது, "மேலேயிருந்து படம் எடுத்தாச்சே, கோடு போட்டுப் பட்டா கொடுக்க வேண்டியதுதானே?" என்பதுதான். படம் வேறு, அளவு வேறு. இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கு நேர் கீழே இருப்பது மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். ஓரத்தில் நிற்கும் தென்னை சாய்ந்து படுத்ததுபோல் விழும். அதன் தலை பக்கத்து வீட்டு மனைக்குள் இருக்கும். அதனால்தான் ஒரே இடத்தைப் பல கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி எடுக்கிறோம். எது எவ்வளவு உயரம் என்று கணினி கண்டுபிடித்து, சாய்ந்ததை நிமிர்த்துகிறது.

சரி, நிமிர்த்தியாயிற்று. ஆனால் அந்தப் படம் பூமியில் எங்கே உட்கார வேண்டும்? சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். நம் ஊர் வரப்போ ஒரு முழ அகலம்! அதனால் பறக்கவிடுவதற்கு முன்பே கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளைத் தரையில் ஆங்காங்கே வைத்து, துல்லியக் கருவியால் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொள்கிறோம். அவற்றில் சிலவற்றைக் கணினிக்குச் சொல்லாமல் ஒளித்து வைப்போம். படம் தயாரானதும் அந்த இடங்களை அதில் அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தச் சோதனைக் கணக்கைக் காட்டாமல் பளபளவென்று படத்தை மட்டும் நீட்டுகிறவரை நான் நம்புவதில்லை.

அளவு தரையிலிருந்துதான் வருகிறது. இது புதுச் செய்தி இல்லை. 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கியது எங்கே தெரியுமா? நம் பரங்கிமலைப் பக்கத்தில். சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாக அளந்தார். அதன் பிறகுதான் கோணம் பார்க்கும் வேலை. அதற்கு அவர் வைத்திருந்த தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றியபோது, பிடிகயிறு அறுந்து சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துவிட்டது. மனிதர் சோர்ந்துபோகவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தி, அதே கருவியோடு மறுபடி வேலைக்குப் போனார். கோபுரம் ஏறியது தூரத்தைப் பார்க்க. நாமும் அதற்குத்தான் ட்ரோனை ஏற்றுகிறோம்.

இப்போது கிராமத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், குடியிருப்பு மனைகளை ட்ரோனால் அளக்கிறார்கள். பறப்பதற்கு முன் மனையின் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். எல்லை எது என்று வானத்திலிருந்து தெரியாது, பாருங்கள். அக்கம்பக்கத்தார் நின்று ஒப்புக்கொண்டால்தான் அது எல்லை. சுண்ணாம்பு காய்வதற்குள் பழைய பங்காளிச் சண்டை எழுந்து, கோடு அழிந்து, மறுபடி போடப்படுவதும் உண்டு!

அப்புறம் இந்தக் கூரை விவகாரம். ஓட்டுக் கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டு அடி நீண்டிருக்கும். ட்ரோனுக்குத் தெரிவது ஓட்டின் விளிம்பு. உங்கள் சுவர் அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. படத்தில் ஓட்டோரம் கோடு போட்டால் பாதிச் சந்து உங்களுக்கு வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நில அளவையர் டேப்போடு நடந்துபோய் அந்த இரண்டு அடியைக் கழித்தே ஆக வேண்டும்.

உயரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. ஒன்று மட்டும். செயற்கைக்கோள் தரும் உயரத்தைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டால், மெரினா மணல் கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே இருப்பதாகக் காட்டும். செயற்கைக்கோள் கணக்கில் இருக்கும் வழவழப்பான பூமியைவிட நம் பக்கத்துக் கடல் அவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது. வாய்க்கால் வெட்டப் படம் எடுப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வணக்கம்.