மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

நேயர்களுக்கு வணக்கம். "கண் எரியுது டாக்டர், எச்சில் விழுங்க முடியலை" என்று ஒருவர் சொன்னால் தோல் மருத்துவரான எனக்குப் பக்கென்று இருக்கும். ஓரிரு வாரம் முன்புதான் புது மாத்திரை தொடங்கியிருப்பார். காய்ச்சல், உதட்டில் புண், மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். அந்த இடத்தை விரலால் லேசாகத் தேய்த்தாலே மேல்தோல் நனைந்த காகிதம் போல வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் இது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் மாத்திரை ஒருவரை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? 'உடம்புக்கு ஒத்துக்கலை' என்பதோடு நெடுங்காலம் விட்டுவிட்டோம். 2004-இல் தைவான் ஆய்வாளர்கள், வலிப்புக்குத் தரும் கார்பமசெபைனால் இந்த நோய் வந்த 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேருக்கும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்து ஒத்துக்கொண்டவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

எச்எல்ஏ மரபணு உருவாக்குவது செல்லின் மேல் நிற்கும் ஒரு புரதம். செல்லுக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை வெளியே ஏந்திக் காட்டும். நோய் எதிர்ப்பு செல்கள் அதைப் பார்த்து 'நம்ம ஆள்தான்' என்று விட்டுவிடும். 15:02 வகையில் இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் சொந்தத் தோலே அந்நியமாகத் தெரிய, எதிர்ப்பு செல்கள் தாக்கத் தொடங்குகின்றன.

தைவானிலேயே பிறகு 4,800-க்கும் மேற்பட்டோருக்கு முதலில் பரிசோதனை செய்து, இந்த வகை இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்கு வந்திருக்கும். அந்தப் பத்துப் பேரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாங்கள் தப்பியது அவர்களுக்கே தெரியாது.

யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோபியூரினாலுக்கும் இதேபோல ஆபத்தான எச்எல்ஏ-பி 58:01 என்று ஒரு மரபணு வகை உண்டு. ஆசிய மக்களிடையே இந்த இரண்டு வகைகளும் அதிகம். ஆகவே இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

இந்த வகை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. இல்லை என்று வந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு கண் எரிச்சல், வாய்ப்புண், தோல் வலி வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சரி, அண்ணனுக்கு இந்த வகை இருந்தால்? பெற்றோரிடமிருந்து வருவதுதானே, தம்பி தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்த மருந்தின் பெயரை அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள்.