ஜூஸை விடுங்கள், கொய்யாவைக் கடியுங்கள்

(நடைப்பயிற்சி நண்பர்கள் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பேரன் காதுகுத்து விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு நமக்காக ஓடி வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, இங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை பார்த்துச் சொல்லும் டாக்டரம்மா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன பந்தல்காரத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

பழமும் உடல் எடையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன். எவ்வளவு தின்பது, எப்படித் தின்பது, எப்போது தின்பது. அதற்கு முன்னால் எங்கள் அப்பத்தா ஓயாமல் சொல்லும் ஒரு வார்த்தை: நொறுங்கத் தின்றால் நூறு வயது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவேன்.

எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். போன பங்குனியில் எடை 84 கிலோ. பத்துக் கிலோ குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே சபதம்: இனி ராத்திரி சோறு கிடையாது, இட்லி கிடையாது, பழம் மட்டும்தான். நத்தத்து மாம்பழம் வந்து இறங்குகிற நேரம் வேறு. இரண்டு மாதம் சொன்ன சொல் தவறவில்லை. வைகாசிக் கடைசியில் மருந்துக்கடை மெஷினில் ஏறினார். 86! மெஷின் பழுது என்று கடைக்காரப் பையனோடு சண்டை. அங்கிருந்து நேரே அரிசி மண்டிக்குப் போய், மூட்டை போடும் தராசில் ஏறி நின்றார். அதுவும் 86.

அண்ணி ஒன்றும் பேசவில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அண்ணன் வாயில் போட்டதை எல்லாம் ஒரு வாரம் பென்சிலால் எழுதி வைத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார்கள். ஒரு ராத்திரிக் கணக்கு: மாம்பழம் 2, வாழைப்பழம் 3, திராட்சை கால் கிலோ. அதற்குக் கீழே கோடு போட்டு, ‘காலை வாக்கிங் முடிந்து சாத்துக்குடி ஜூஸ் 2, சீனி போட்டது’. நான் கூட்டிப் பார்த்தேன். ராத்திரிப் பழம் மட்டுமே சுமார் 700 கலோரி. அவர் விட்ட நாலு இட்லி 250கூட வராது. “பழம்தானேடா, அது பச்சைத் தண்ணி மாதிரி” என்றார் அண்ணன்.

இந்த ஒரு நினைப்புதான் நம்மைக் கெடுக்கிறது. பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான். அதில் குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரையைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். தேவைக்கு மேல் கொட்டினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி வைத்துவிடும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் குன்னூரில் ஒற்றை அறையில் பிறந்த நிறுவனம், 2024இல் தந்த உணவுத் தட்டில் ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். நூறு கிராம் என்றால் நடுத்தரமான ஒரு கொய்யா. அண்ணன் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, எப்படித் தின்பது? நொறுங்கத் தின்றால் நூறு வயது. நாலு சாத்துக்குடியை உரித்துத் தின்ன உங்களுக்குக் கால் மணி நேரமாவது ஆகும், இரண்டிலேயே போதும் என்று தோன்றிவிடும். அதையே பிழிந்தால் ஒரு டம்ளர், அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும். சக்கை, நார் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும் நமக்கு. உலக சுகாதார நிறுவனம் முழுப் பழத்தின் சர்க்கரையைக் குறை சொல்வதில்லை. பழச்சாற்றில் இருப்பதை மட்டும் நாம் காபியில் போடும் சீனியோடு சேர்த்தே கணக்கு வைக்கிறது. டாக்டரம்மா தலையசைக்கிறார்கள், எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

இப்போது கவுன்சிலர் ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். நம் பூங்கா வாசலில் காலை ஆறு மணிக்கு மூன்று ஜூஸ் வண்டி நிற்கிறது. ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, கரைத்ததை அங்கேயே குடித்துத் திரும்புகிறோம். வேப்பமரத்தடியில் ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் வைத்து விற்ற பாட்டி இருந்தார். ஈரத்துணி போட்டு மூடி, காம்போடு இலையோடு அடுக்கி வைத்திருப்பார். நடைபாதையை அகலப்படுத்தும்போது அவரை எழுப்பிவிட்டார்கள். இப்போது சாலைக்கு அந்தப் பக்கம், வெயிலில். யார் கடந்து போய் வாங்குகிறார்கள்? ஆரஞ்சைப்போல நான்கு மடங்கு வைட்டமின் சி உள்ள பழம். நூறு கிராமுக்கு 5 கிராமுக்குக் குறையாத நார். மென்றுதான் விழுங்க முடியும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று அப்பத்தா சொன்னது இந்தப் பழத்துக்காகவே சொன்னதுபோல இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு வேப்பமரத்தடியில் நாலடி இடம் வேண்டும். அவரைப்போலக் கூடை தூக்கி வரும் இன்னும் நாலு பேருக்கும் வேண்டும்.

எப்போது தின்பது என்பதை டாக்டரம்மா பேசும்போது கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மனு கதவோரம் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பாட்டியிடம் வாங்கிய கொய்யா ஒரு கூடை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.